நீலப் பந்துப் பூ குளோப் திசில்: நடவு முதல் வேர்த்துண்டு வரை

அழகுக்காக வளர்க்கும் முட்செடிகளில் அதிகம் சிரமம் தராதது குளோப் திசில். தாவரப் பெயர் எகினாப்ஸ் ரிட்ரோ. தெற்கு, கிழக்கு ஐரோப்பாவில் தொடங்கி மத்திய ஆசியா வரை, கல்லும் வறட்சியுமான சரிவுகளில் தானாகவே வளர்வது. உறைபனியைத் தாங்கும். பிரிட்டன், கனடா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் மேலே காய்ந்துபோய், வசந்தத்தில் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சென்னை, மதுரை வெக்கைக்கு இது ஏற்ற செடி இல்லை.

இது செத்துப்போகிறது என்றால் பெரும்பாலும் அதிக உபசாரத்தால்தான். எருவும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் தண்டு இளைத்து நீண்டு, பூ விரியும் நேரத்தில் சாய்ந்துவிடும். குளிர்காலத்தில் வேரடியில் ஈரம் தேங்கினால், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி அழுகும். பனியில் பிழைக்கிற செடி சேற்றில் பிழைக்காது.

ஆகவே இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாளும் நின்றால் அங்கே நடாதீர்கள். களிமண் தவிர வேறு வழியில்லை என்றால் பாத்தியை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பொடிச்சரளை கலக்கலாம். அடியுரம் வேண்டாம்.

செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். 'வீச்சஸ் ப்ளூ' என்ற ரகம் ஏறத்தாழ 90 செ.மீ. உயரம், நிறமும் அடர்த்தி. சிறு தோட்டத்துக்கு அதுவே போதும். கோடை நடுவில் அடியிலைகள் மஞ்சளித்துக் கந்தலாகிவிடும், அதை எந்த மருந்தாலும் நிறுத்த முடியாது. முன்வரிசையில் குட்டையான வேறு செடி வைத்து மறைப்பதுதான் தீர்வு. முதல் ஆண்டு மட்டும், மழை இல்லாத வாரங்களில் ஒருமுறை வேர் நனைய ஊற்றுங்கள். பிறகு ஆணிவேர் ஆழம் போய்த் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

விதையிலிருந்து வளர்க்க வசந்த காலத்தில் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விதைத்து, மேலே மெல்லிய மண் தூவினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். விதையிலைக்குப் பிறகு இரண்டு நிஜ இலை வந்ததுமே ஆழமான தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். தாமதித்தால் ஆணிவேர் அடியில் சுருண்டு, பிறகு நட்டாலும் செடி தேறாது. பூ அடுத்த ஆண்டுதான். பெயர் பெற்ற ரகங்கள் விதையில் தாய்ச்செடி மாதிரியே வருவதில்லை, அவற்றுக்கு வேர்த்துண்டுதான் சரி.

செடி உறங்கும் குளிர்காலத்தில், தாய்ச்செடியின் ஓரமாகத் தோண்டிப் பென்சில் தடிமனுள்ள வேர்கள் சிலவற்றை மட்டும் எடுங்கள். 5 முதல் 8 செ.மீ. துண்டுகளாக, செடிப்பக்க முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டுங்கள். இந்த அடையாளம் இல்லையென்றால் தலைகீழாக நட்டுவிடுவீர்கள். மணல் கலந்த கலவையில் செங்குத்தாகச் செருகி, மேலே ஒரு செ.மீ. சரளை போட்டு, உறைபனி படாத இடத்தில் வையுங்கள். ஈரம் லேசாக இருந்தால் போதும். வசந்தத்தில் இலை தலைகாட்டியதும் பிடுங்கி நட அவசரப்படக் கூடாது. இலைதான் முதலில் வரும், புதுவேர் பிறகே பிடிக்கும். தொட்டியின் அடித்துளையில் வேர் தெரியும்வரை பொறுங்கள்.

பூந்தண்டில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி போய்விடும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேனீயும் வண்டும் இந்தப் பூவை விட்டு நகர்வதே இல்லை.

உலர்பூவுக்கு வெட்டுவதில்தான் பலரும் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். பந்து முழுக்க நீலமேறியிருக்க வேண்டும், ஆனால் அதிலுள்ள குட்டிப்பூக்கள் விரியத் தொடங்கியிருக்கக் கூடாது. அவை உச்சியிலிருந்துதான் விரியும். ஆகவே உச்சியைப் பாருங்கள். விரிந்த பிறகு வெட்டியது காய்ந்ததும் உதிரும். கையுறை போட்டு வெட்டி, கீழிலைகளை உருவிவிட்டு, சிறு கட்டுகளாக இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தயார்.

செடியில் விட்ட பூக்களை விதை முற்றுமுன் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பாத்தி முழுக்க நாற்று முளைக்கும். வெள்ளைப் பூ விடும் எகினாப்ஸ் ஸ்பைரோசெபாலஸ் இனம் வட அமெரிக்காவில் தோட்டத்தைத் தாண்டிக் காட்டிலும் பரவியிருக்கிறது, அதை வைத்தால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

வளர்ந்த செடியை இடம் மாற்ற வேண்டாம். ஆணிவேர் அறுந்த செடி வாடும், மண்ணில் மிஞ்சிய துண்டோ பழைய இடத்திலேயே துளிர்க்கும். ஒழிக்கத்தான் வேண்டுமென்றால் வேரை முடிந்தவரை ஆழமாகத் தோண்டியெடுத்து, அடுத்த பருவம் முழுக்க வரும் துளிர்களை இலை விரியுமுன் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.