இஞ்சி மசாலா தேநீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல தேயிலையும் புதிய இஞ்சியும் இருந்தும் வீட்டில் போடும் மசாலா தேநீர் கசந்தோ, திரிந்தோ, மணமின்றியோ போவதற்குப் பெரும்பாலும் பொருள்களின் தரம் காரணமன்று. எதை எப்போது சேர்ப்பது என்பதில் நேரும் பிழையே காரணம்.

அந்தப் பிழை தூள் அரைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தபடி, சுக்கின் மேல்தோலைச் சுரண்டி நீக்கிய பிறகே அதை இடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சுக்கில் சில சமயம் வெள்ளையாகச் சுண்ணாம்பும் படிந்திருக்கும். காரம் தூக்கலாக இருக்க வேண்டுமென்றால் 25 கிராம் சுக்குக்கு 15 கிராம் ஏலக்காய், 10 கிராம் மிளகு, 5 கிராம் பட்டை என்பது நான் கையாளும் அளவு. கிராம்பு மட்டும் 2 கிராமைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள யூஜெனால் நாக்கை மரத்துப்போகச் செய்வதால், சற்று மிஞ்சினாலும் மற்ற எல்லாச் சுவையும் அமுங்கிவிடும். சிலர் இவற்றை வாணலியில் சிவக்க வறுக்கிறார்கள். ஏலக்காயின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பது. வறுக்கும்போது வீடெங்கும் பரவிய வாசனை பிறகு குவளைக்குத் திரும்பி வராது. ஈரம் போக வெயிலில் காயவைத்தாலே போதும்.

மசாலாவில் சுக்கு இருப்பதால் பச்சை இஞ்சி வேண்டியதில்லை என்று எண்ணுவது அடுத்த தவறு. இஞ்சி காயும்போது அதன் ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. ஆகவே தொண்டையில் இறங்கும் காரத்தைச் சுக்கு தருகிறது; மூக்கில் ஏறும் புத்துணர்வான மணத்தை இஞ்சிதான் தருகிறது. இரண்டும் வேண்டும்.

இனி, மிகுதியாக நடப்பதும் மனத்தை மிகவும் நோகடிப்பதுமான தவறுக்கு வருகிறேன். ஆறிய பாலிலோ வெதுவெதுப்பான பாலிலோ இஞ்சியைத் தட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றினால், பால் பொங்கி எழுவதற்கு முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் மணல்மணலாக வெள்ளைத் துகள்கள் தோன்றும். அடுத்த நிமிடம் நடுவில் தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும். பால்காரரைக் குறை சொல்ல வேண்டாம். பச்சை இஞ்சியில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உள்ளது. அது மிதமான சூட்டில் வேகமாக வேலை செய்யும், கொதிநிலையில் செயலிழந்துவிடும். எனவே இரண்டு பேருக்கு 200 மில்லி தண்ணீரில், ஒன்றிரண்டாகத் தட்டிய 10 கிராம் இஞ்சியையும் கால் தேக்கரண்டி மசாலாவையும் போட்டு, மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே 200 மில்லி பாலைச் சேர்க்க வேண்டும். அந்தப் பாலும் முன்பே காய்ச்சியதாக இருப்பது நல்லது.

தேயிலைத் தூளை இஞ்சியோடு முதலிலேயே போட்டுவிடுவதும் தவறுதான். நாம் வழக்கமாக வாங்கும் நீலகிரி, அசாம் தூள்கள் இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய சி.டி.சி. வகை, அவை இரண்டு மூன்று நிமிடத்திலேயே சாறு முழுவதையும் விட்டுவிடும், அதற்கு மேல் இறங்குவது துவர்ப்பு மட்டுமே. கடுப்பாக வேண்டுமென்றால் தூளைக் கூட்ட வேண்டுமே தவிர நேரத்தைக் கூட்டக் கூடாது. பால் சேர்ந்து ஒரு கொதி வந்ததும் இரண்டு தேக்கரண்டி தூளைப் போட்டு, தீயைக் குறைத்து, இறக்கும் நேரத்தில் ஓர் ஏலக்காயைத் தட்டிப் போட்டு மூடிவையுங்கள். வடிகட்டும்போது சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியவும் வேண்டாம். மசாலாக் கசடும் கசப்பும் அதில்தான் இறங்கும்.

சர்க்கரையை எப்போது வேண்டுமானாலும் போடலாம். நாட்டு வெல்லத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கொதிக்கும் பாலில் விழுந்தால் அதுவும் பாலைத் திரியவைக்கக்கூடும் என்பதால், பொடித்த வெல்லத்தைக் குவளையில் இட்டு, வடித்த தேநீரை அதன்மேல் ஊற்றிக் கலக்கிக் குடிப்பதே பாதுகாப்பு.