லண்டனில் கால்பந்து மேட்ச் பார்க்கணுமா? முதலில் எந்தப் பேட்டை என்று சொல்லுங்கள்

ஊரிலிருந்து யாராவது லண்டன் வருகிறார்கள் என்றால் எனக்கு ஒரு போன் வந்துவிடும். போன தடவை சித்தி பையன். "அண்ணா, சனிக்கிழமை ஆர்சனல் மேட்ச் இருக்காமே, ரெண்டு டிக்கெட் எடுத்து வைங்களேன்" என்று புதன்கிழமை ராத்திரி கேட்கிறான், ஏதோ செகண்ட் ஷோவுக்கு எடுப்பது மாதிரி. கிடைக்காதுடா என்று சொன்னேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவன் மேட்ச் பார்க்காமல் போகவில்லை, லேட்டன் என்ற பேட்டையில் போய் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுத்தான் வந்தான். எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். லண்டனுக்கு என்று ஒரு அணி கிடையாது. இங்கிலாந்தின் மேல் நான்கு டிவிஷன்களில் மொத்தம் 92 கிளப், அதில் லண்டன் கிளப்கள் மட்டுமே ஒரு டஜனுக்கு மேல். பெரிய கிளப் எதன் பெயரிலும் 'லண்டன்' என்ற சொல் இல்லை. பெரும்பாலும் பேட்டைப் பெயர், ஆர்சனல் மாதிரி தொழிற்சாலைப் பெயரும் உண்டு. கால்பந்துக்குப் பேர்போன வடசென்னை வியாசர்பாடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிவிஷன் பெயர்கள்தான் குழப்பும்: பிரீமியர் லீக் முதலாவது, சாம்பியன்ஷிப் இரண்டாவது, லீக் ஒன் என்பது மூன்றாவது, லீக் டூ நான்காவது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் சில கிளப்கள் மேலே ஏறும், சில கீழே இறங்கும். அதனால் யார் எந்த டிவிஷன் என்று நான் இங்கே எழுதினால் அடுத்த மே மாதமே பொய்யாகிவிடும், நீங்களே அந்தந்த சீசன் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த மேட்ச் என்று எப்படி முடிவு செய்வது? நீங்கள் தங்கும் இடத்தைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கிற கிளப்புக்குப் போங்கள். சோம்பேறித்தனமான யோசனை மாதிரித் தெரியும், ஆனால் இந்த ஊர்க் கால்பந்தே அப்படித்தான் வளர்ந்தது.

நம் ஆட்கள் நிறையப் பேர் தங்குவது ஈஸ்ட் ஹாம் பக்கம். அங்கே வெஸ்ட் ஹாம் யுனைடெட்தான் சொந்த கிளப். 1895இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர் அணியாக ஆரம்பித்தது, இன்றைக்கும் சின்னத்தில் இரண்டு சுத்தியல் இருக்கும். 1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் கேப்டன் பாபி மூர், இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட், இன்னொரு கோல் அடித்த மார்ட்டின் பீட்டர்ஸ் மூவரும் இந்த கிளப்காரர்கள். 2016 வரை அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட் ஓரத்தில்தான் மைதானம், மேட்ச் நாளில் புடவைக் கடைகளைத் தாண்டித்தான் கூட்டம் போகும். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். கிளப் ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய லண்டன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கை என்பதால் மற்றப் பெரிய கிளப்களைவிட டிக்கெட் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய மைதானம், சில இருக்கைகளிலிருந்து புல்தரை எங்கேயோ தூரத்தில் கிடக்கும். பழைய ரசிகர்களிடம் இதைப் பற்றி வாய் திறந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து டியூப் என்கிற பாதாள ரயிலின் சென்ட்ரல் லைனில் ஒரே ஸ்டேஷன் தள்ளி லேட்டன். அங்கேதான் லேட்டன் ஓரியன்ட், மைதானம் பிரிஸ்பேன் ரோடு. நான்கு மூலையிலும் குடியிருப்புக் கட்டடங்கள், பால்கனியில் டீ கையோடு நின்று ஓசியில் மேட்ச் பார்க்கிறவர்களை நீங்கள் காசு கொடுத்து உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துப் பொறாமைப்படலாம். சித்தி பையனை அழைத்துப்போனது இங்கேதான்.

வடக்கே தங்கினால் ஆர்சனலும் டாட்டன்ஹாமும். இந்த இரண்டுக்கும் உள்ள பகை ஏன் இவ்வளவு கசப்பு என்று தெரிந்துகொண்டு போனால் மேட்ச் இன்னும் ருசிக்கும். ஆர்சனல் பிறப்பால் வடக்கு லண்டன் கிளப்பே இல்லை. 1886இல் தேம்ஸுக்குத் தெற்கே வுலிச்சில், ராணுவ ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆரம்பித்தது, பெயரே அதனால்தான் 'ஆயுதக் கிடங்கு'. கூட்டம் வரவில்லை, காசு இல்லை, 1913இல் ஆற்றைத் தாண்டி ஹைபரிக்கு வந்து டாட்டன்ஹாம் பக்கத்தில் கடையைப் போட்டது. அதோடு விட்டதா? முதல் உலகப்போர் முடிந்து 1919இல் லீக் மறுபடி ஆரம்பித்தபோது, முதல் டிவிஷனில் இருந்த டாட்டன்ஹாமைக் கீழே இறக்கி, இரண்டாம் டிவிஷனில் ஐந்தாவதாக முடித்த ஆர்சனலை ஓட்டுப் போட்டு மேலே ஏற்றினார்கள். நூறு வருஷம் தாண்டியும் டாட்டன்ஹாம்காரர்கள் இதை மறக்கவில்லை. ஹைபரிக்குப் பக்கத்து டியூப் ஸ்டேஷனின் பெயரைக்கூட 1932இல் 'ஆர்சனல்' என்று மாற்றிவிட்டார்கள்.

ஹாரோ பக்கம் இருக்கிறவர்கள் பார்னெட்டை மறக்க வேண்டாம். கேனன்ஸ் பார்க் ஸ்டேஷனிலிருந்து நடை தூரம், சின்ன மைதானம், வீரர்கள் பேசுவதே காதில் விழும்.

மேற்கில் ஒரு வேடிக்கை. செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம் இருப்பது செல்சியில் இல்லை, ஃபுல்ஹாமில். மைதானத்தை வாங்கியவர் முதலில் ஃபுல்ஹாம் கிளப்பிடம்தான் கொடுக்கப் பார்த்தார், அவர்கள் வேண்டாம் என்றதும் 1905இல் தானே ஒரு கிளப்பை உருவாக்கிவிட்டார். அந்த கிளப் பின்னால் சாம்பியன்ஸ் லீக்கை இரண்டு தடவை வென்றது, வேண்டாம் என்றவர்கள் இன்னும் ஆற்றங்கரையில் நிம்மதியாக இருக்கிறார்கள். லண்டனில் ஒரே ஒரு மேட்ச்தான் பார்க்க நேரம் என்றால் நான் கைகாட்டுவது அந்த ஃபுல்ஹாமைத்தான். 1879இல் தொடங்கியது, லண்டன் தொழில்முறைக் கிளப்களில் மூத்தது. புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி, பிஷப்ஸ் பார்க் வழியாகத் தேம்ஸ் ஓரமாகவே மைதானம்வரை நடக்கலாம். ஒரு பக்க ஸ்டாண்டு 1905இல் கட்டியது, மர இருக்கை, எழுந்தால் பட்டென்று மடங்கும். பிரென்ட்ஃபோர்டும் கியூ.பி.ஆரும் (குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) இதே திசைதான். இரண்டும் சின்ன மைதானங்கள், எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் பக்கத்தில் தெரியும்.

தெற்கே குரோய்டன் பக்கம் என்றால் கிரிஸ்டல் பேலஸ். 2025இல் மான்செஸ்டர் சிட்டியைத் தோற்கடித்து, எல்லா டிவிஷன் கிளப்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, அவர்கள் சரித்திரத்திலேயே முதல் பெரிய கோப்பை. சார்ல்டன் கதை இன்னும் நல்ல கதை: 1985இல் சொந்த மைதானமான 'தி வேலி'யை (The Valley) விட்டு வெளியேற வேண்டி வந்தது, திரும்பி வர உள்ளாட்சி அனுமதி கிடைக்கவில்லை, ரசிகர்கள் 1990 உள்ளாட்சித் தேர்தலில் ஒரு கட்சியே ஆரம்பித்து நின்று கிட்டத்தட்ட 15,000 ஓட்டு வாங்கினார்கள். 1992 டிசம்பரில் 'தி வேலி'க்குத் திரும்பினார்கள். மில்வால் என்றால் ரசிகர்கள் அடிதடிக்காரர்கள் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். பழைய பெயர் அது, இன்று குடும்பமாகப் போகிறார்கள். லண்டன் அணிகளுக்கு இடையிலான மேட்சை மட்டும் முதல் தடவை தவிர்த்துவிடுங்கள்.

டூட்டிங்கில் தங்குபவர்களுக்கு ஏ.எஃப்.சி. விம்பிள்டன். 1988இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பை வாங்கிய பழைய விம்பிள்டன் கிளப்பை, அதன் முதலாளிகள் மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக 2002இல் அனுமதி வாங்கினார்கள், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தூரம். ரசிகர்கள் பின்னாலேயே போகவில்லை. விம்பிள்டன் காமன் திடலில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு வைத்து வீரர்களைப் பிடித்து, ஒன்பதாவது நிலை லீக்கில் புது கிளப்பாக ஆரம்பித்தார்கள். ஒன்பதே சீசனில், 2011இல், நான்காவது டிவிஷனுக்கு ஏறினார்கள். 2020இல் பழைய தெருவான பிளவ் லேனுக்கே திரும்பிவிட்டார்கள், பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். டூட்டிங் பிராட்வேயில் தோசை சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரத்துக்குள் நடந்து போய்விடலாம்.

பேட்டை முடிவாயிற்று. அடுத்தது டிக்கெட்.

பெரிய கிளப்களில் நேராகப் போய் வாங்க முடியாது. முதலில் மெம்பர்ஷிப் எடுக்க வேண்டும், அதற்கே தனிக் காசு. எடுத்தாலும் டிக்கெட் உறுதியில்லை, ஆர்சனல் மாதிரி இடங்களில் குலுக்கல். குலுக்கலில் விழவில்லை என்றால், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் வர முடியாத நாளில் தங்கள் இருக்கையைக் கிளப்பின் சொந்தத் தளத்திலேயே திரும்ப விற்பார்கள், மேட்சுக்கு முந்தைய சில நாட்கள் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஒரே வழி. இரண்டு இருக்கை சேர்ந்தாற்போல் வருவது அபூர்வம், தனியாக உட்காரத் தயார் என்றால் கிடைத்துவிடும்.

வெளியே எங்கும் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் ஒரு ஆளிடம் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட்டை வாசலில் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. அது ஏற்கெனவே யாரோ உள்ளே போய்விட்ட டிக்கெட். உள்ளே கூட்டம் கோல் கோல் என்று கத்துவதை வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

குறுக்கு வழி வேண்டுமென்றால் நேர்மையான குறுக்கு வழிகளே உண்டு. பெரிய கிளப், சின்ன கிளப்போடு ஆடும் கோப்பைப் போட்டிகளின் ஆரம்பச் சுற்றுகளில் விலை குறையும், டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும். பெண்கள் அணி மேட்சுக்கும் அப்படித்தான். ஆர்சனல் பெண்கள் அணி 2025இல் பார்சிலோனாவை வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது, ஆர்சனலின் இன்றைய மைதானமான எமிரேட்ஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆண்கள் மேட்ச்தான் வேண்டும் என்றால் மூன்றாவது, நான்காவது டிவிஷன். முப்பது பவுண்டு அளவில் முடிந்துவிடும், பல நேரம் இரண்டு நாள் முன்னால்கூடக் கிடைக்கும்.

தேதி விஷயத்தில் ஏமாறாதீர்கள். சீசன் ஆகஸ்டிலிருந்து மே வரை. ஆனால் அட்டவணையில் சனிக்கிழமை மூன்று மணி என்று போட்டிருக்கும் பிரீமியர் லீக் மேட்சை டிவிக்காக ஞாயிறுக்கோ திங்கள் ராத்திரிக்கோ நகர்த்துவார்கள், விமான டிக்கெட்டை அதை நம்பி எடுத்தால் போச்சு. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச்சில் நாட்டு அணிகள் ஆடுவதற்காகப் பெரிய லீக்குகள் கொஞ்ச நாள் நிற்கும். இதில் இன்னொரு கூத்து, இங்கிலாந்துக்குள் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையாக டிவியில் காட்டக் கூடாது, எல்லாரும் மைதானத்துக்குப் போகவேண்டுமாம். அந்த மூன்று மணி மேட்சை மதுரையில் சித்தப்பா ராத்திரி எட்டரைக்குச் சோஃபாவில் சாய்ந்து பார்ப்பார், மைதானத்திலிருந்து ஒரு மைல் தூரத்தில் இருக்கிற நான் ரேடியோ கேட்பேன்.

மேட்ச் நாளில் சில விஷயம். எதிரணி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு உள்ளூர் ரசிகர்கள் பகுதிக்குப் போகாதீர்கள், எதிரணி கோல் போட்டால் துள்ளாதீர்கள். ஊழியர்கள் வந்து வெளியே அனுப்பிவிடுவார்கள், உங்கள் நல்லதுக்குத்தான். பெரிய பை வேண்டாம், பல மைதானங்களில் ஏ4 தாள் அளவுக்கு மேல் அனுமதியில்லை. டிக்கெட் போனில்தான் வரும், சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே சிக்னல் திணறும் என்பதால் வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். பீர் வாங்கலாம், ஆனால் புல்தரை கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது என்று 1985இலிருந்து சட்டம், அதனால் இடைவேளையின் 15 நிமிடத்துக்குள் எல்லாரும் உள்ளே கடைகளில் முட்டி மோதுவார்கள். பசிக்கிறது என்றால் முதல் பாதி முடிய இரண்டு நிமிடம் முன்னால் எழுந்து போய்விடுங்கள். நான் அப்படிப் போய் ஒரு நல்ல கோலைத் தவற விட்டிருக்கிறேன், அது அவரவர் அதிர்ஷ்டம்.

நவம்பருக்கு மேல் போனால் குளிர் தலையில் ஏறாது, காலில்தான் ஏறும். கீழே கான்கிரீட். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கோட்டுக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர், தொப்பி.

திரும்பும்போது அவசரப்படாதீர்கள். அறுபதாயிரம் பேரும் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் போவார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் 'போகலாம்', 'நிற்கவும்' என்று பலகை பிடித்துக் கூட்டத்தைப் பகுதி பகுதியாக விடுவார்கள். எமிரேட்ஸிலிருந்து வந்தால் ஹாலோவே ரோடு ஸ்டேஷனை நம்பாமல் ஃபின்ஸ்பரி பார்க் பக்கம் நடந்துவிடுங்கள். மேட்ச் முடிந்ததும் முக்கால் மணி நேரம் எங்காவது டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் ரயிலில் உட்காரவே இடம் கிடைக்கும்.