பிறழ்நடத்தை என்று முடிவுகட்டும் முன்

படுக்கப் போகும் முன் எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினோமா என்று எழுந்துபோய்ப் பார்ப்பது பல வீடுகளில் உள்ள பழக்கம்தான். ஆனால் ஒருவர் அதை முப்பது முறை பார்க்கிறார், கைப்பேசியில் படமெடுத்து வைத்தும் மனம் நம்பாமல் மீண்டும் எழுகிறார் என்றால், அது பிறழ்நடத்தையா, அதாவது மனநலக் கோளாறைக் காட்டும் இயல்பு மீறிய நடத்தையா? இதற்கு உளவியலில் ஒற்றை அளவுகோல் கிடையாது. சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அது எவ்வளவு அரிது என்பது முதல் கேள்வி. இதை மட்டும் நம்பாதீர்கள். நுண்ணறிவு ஈவு (IQ) 70க்குக் கீழே உள்ளவர்களைப் போலவே 130க்கு மேலே உள்ளவர்களும் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர்தான். 130க்கு மேலே இருப்பதற்காக யாரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை.

ஊர் வழக்கத்தை மீறுகிறதா என்ற கேள்வியில்தான் அதிகத் தவறுகள் நடந்திருக்கின்றன. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை நோய்ப்பட்டியலில் வைத்திருந்தது. அம்மன் கோயில் கொடையில் சாமி வந்து ஆடுபவரை, அந்த இடத்தையும் வேளையையும் விட்டுப் பிரித்துப் பார்த்தால் நாமும் தவறாகவே கணிப்போம். சமூக விழுமியங்களுக்கு ஒத்துப்போகாததை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

எனவே அவர் படும் வேதனைக்கும், அன்றாட வாழ்க்கை முடங்கும் அளவுக்கும்தான் கூடுதல் எடை கொடுங்கள். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோயில் (OCD), இத்தகைய எண்ணங்களும் செயல்களும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குவதை ஓர் அடையாளமாகக் கொள்கிறார்கள். வேதனை இல்லாததாலேயே நோயில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பித்தெழுச்சி (mania) என்ற அளவுமீறிய கிளர்ச்சி நிலையில் இருப்பவர் உற்சாகமாகவே இருப்பார், கடன்தான் ஏறிக்கொண்டிருக்கும். பேச்சுவழக்கில் எல்லோரும் முதலில் கேட்பது "அடிப்பாரா?" என்றுதான், மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பதால், நான் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைப்பேன். தற்கொலைப் பேச்சு மட்டும் விதிவிலக்கு. அதைக் கேட்டால் உதவி தேடக் காத்திருக்கக் கூடாது.

காரணம் தேடும்போதும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பரம்பரையாக வரும் நலிவும் வாழ்க்கை நெருக்கடியும் சேரும்போது நோய் தலைகாட்டுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அது நீடிப்பதற்குக் கற்றல் கோட்பாடு சொல்லும் காரணம் எளிது: ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்ததும் பயம் சற்றுத் தணிகிறது, அந்த நிம்மதியே அடுத்த முறை எழுப்பிவிடுகிறது. "நான் பார்த்தேன், மூடித்தான் இருக்கிறது" என்று வீட்டில் உள்ளவர் ஒவ்வொரு முறையும் சொல்லும் ஆறுதலும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான், பயத்தை எதிர்கொள்ள வைத்து, சரிபார்க்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை பலனளிக்கிறது.

நோயின் பெயரை முடிவுசெய்வது உங்கள் வேலையன்று. எப்போது தொடங்கியது, நாளுக்கு எத்தனை முறை, எதைச் செய்ய முடியாமல் போனது என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி மானஸ் (இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.