மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு

அரையாண்டு விடுமுறையில் குழந்தைகளோடு அமர்ந்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து கிறிஸ்துமஸ் நட்சத்திரமோ பொங்கல் வாழ்த்து அட்டையோ செய்யும்போது, மடிக்க வேண்டிய இடத்தில் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுத்துவிட்டு, அதன் பிறகு மடியுங்கள். கெட்டி அட்டையை அப்படியே மடித்தால் அதன் இழைகள் தாறுமாறாக முறிந்து, மடிப்பு கோணலாகி, மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கீறல் தெரியும். பேனாவின் உருண்டை முனை இழைகளை வெட்டாமல் ஒரே கோட்டில் நசுக்கிவிடுவதால், சிறு குழந்தையின் விரலுக்கும் அட்டை அந்தக் கோட்டிலேயே பணிகிறது. அடியில் பழைய நாளிதழை நான்காக மடித்து வைத்தால் கோடு இன்னும் நன்றாகப் பதியும். (பிள்ளையார் படத்தில் கத்தரிக்கோல் படுவதைப் பொறுக்காத பாட்டி வீட்டில் இருந்தால், அந்தப் பகுதியை முதலிலேயே தனியே எடுத்து அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.)

நோட்டுத்தாள், பட்டம் விடும் வண்ணக் காகிதம் போன்ற மெல்லிய தாள்களுக்கு இம்முறை பொருந்தாது. கோட்டிலேயே கிழிந்துவிடும் என்பதால், அவற்றை மடித்து நகத்தால் தேய்த்தாலே போதும். பிளாஸ்டிக் உறை ஒட்டிய பத்திரிகைகளிலும் மடிப்பு நிற்காமல் மெல்ல விரிந்துவிடும்.