ஆடிக்கொண்டே இருந்த பட்டையும் 250 ஹென்றியும்

ஒரு முனையை வைஸில் இறுக்கிய அலுமினியப் பட்டை, தட்டினால் 32 ஹெர்ட்ஸில் ஆடும், லேசில் நிற்காது. அந்த ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்க, வளைந்தால் மின்சாரம் தரும் பீசோ தகடு ஒன்றை ஒட்டி, அந்த மின்சாரத்தை வெப்பமாகக் கரைக்க ரெசிஸ்டர் மட்டும் போட்டேன், பெரிய மாற்றமில்லை. சரி, இண்டக்டரும் (கம்பிச் சுருள்) சேர்த்து, சர்க்யூட்டையும் பட்டையின் வேகத்திலேயே ஆடவைக்கலாம் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றியது: தகட்டின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) 100 நானோஃபாரட், அதோடு 32 ஹெர்ட்ஸில் ஒத்ததிர ஏறக்குறைய 250 ஹென்றி (இண்டக்டரை அளக்கும் அலகு) வேண்டும். அவ்வளவு கம்பியை யார் சுற்றுவது? இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) வைத்து இண்டக்டர் மாதிரியே நடந்துகொள்ளும் சர்க்யூட்டைக் கட்டினேன்.

அப்படியும் ஏமாற்றம்தான். வோல்டேஜை அலையாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. பலமாகத் தட்டும்போது பீசோவின் வோல்டேஜ், ஆப்-ஆம்புக்குக் கொடுத்திருந்த 15 வோல்ட்டைத் தாண்டப் பார்க்கிறது. மெதுவாகத் தட்டியும் பலன் குறைவு. உண்மையான குற்றவாளி நான் ஒட்டிய இரட்டைப் பக்க டேப்! பட்டை வளைகிறது, நடுவிலுள்ள மெத்தென்ற டேப் அந்த வளைவைத் தானே விழுங்கிவிடுகிறது, பீசோவுக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை.

டேப்பைச் சுரண்டி எடுத்து, வளைவு அதிகமுள்ள வைஸ் பக்கமாக, கெட்டியாக இறுகும் எபாக்ஸிப் பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டினேன். அப்புறம் அதிர்வெண் கொஞ்சம் நகர்ந்திருந்ததால் சர்க்யூட்டிலிருந்த பொட்டென்ஷியோமீட்டரை (மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) திருகித் திருகி மறுபடி டியூன் செய்தேன். இப்போது தட்டினால் நாலைந்து ஆட்டத்தில் அடங்கிவிடுகிறது.