செம்புக் கனிமக் கற்கள்: சேர்ப்பதும் குறிப்பெழுதுவதும்

மண்டபத்திலோ கீழக்கரையிலோ கரையோரம் பச்சையாக ஒன்று கிடந்தால், பெரும்பாலும் அது அலை தேய்த்த கண்ணாடிச் சில்லுதான். நம் கரை மணலும் பவளச் சுண்ணாம்புக் கல்லும். செம்புத் தாது உள்ள பாறை இங்கே இல்லை. ராஜஸ்தானின் கேத்ரி, ஜார்கண்டின் சிங்பூம், மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் பக்கத்துக் கற்களை வாங்கியோ மாற்றிக்கொண்டோதான் சேர்க்க வேண்டும். (பவளத் துண்டை மட்டும் எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம்.)

முதல் வேலை சீட்டு எழுதுவது. எந்த ஊர், எந்தச் சுரங்கம், யாரிடம், என்றைக்கு வாங்கியது என்று கல் கைக்கு வந்த அன்றே எழுதிவிடுங்கள். நிறத்தையும் எடையையும் பத்து வருஷம் கழித்தும் பார்த்துக்கொள்ளலாம். வந்த இடத்தைக் கல் சொல்லாது. அடிப்பக்கம் சின்னதாக வெள்ளைப் பெயிண்ட் வைத்து ஓர் எண் போடுங்கள், அதே எண் நோட்டிலும் இருக்கட்டும்.

அடுத்து தூளின் நிறம். எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை வேறில்லை. டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தி இழுங்கள், விழும் கோடுதான் தூளின் நிறம். பின்பக்கம் சிவப்பாக இருக்கும் டைல்ஸ் வேண்டாம், வெள்ளையாகப் பார்த்து எடுங்கள். பச்சைச் செம்புக் கனிமமான மாலகைட் வெளிர் பச்சைக் கோடு போடும், நீலச் செம்புக் கனிமமான அசுரைட் வெளிர் நீலம். பித்தளையாக மின்னும் செம்புத் தாதுவான சால்கோபைரைட் போடுவதோ பச்சை கலந்த கறுப்பு! பார்க்க அதேபோல் மின்னும் இரும்புக் கனிமமான பைரைட்டும் ஏறக்குறைய அதே கோடுதான் போடும் என்பதால் அங்கே மட்டும் கத்தி வேண்டும். கல்லின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் சால்கோபைரைட் 3.5 முதல் 4, பைரைட் 6 முதல் 6.5. பேனாக்கத்தி முன்னதைக் கீறும், பின்னதைக் கீறாது. கண்ணில் படாத ஓரத்தில் கீறிப் பாருங்கள், அப்புறம் கையைக் கழுவிவிடுங்கள்.

சரி, குறிப்பு இப்படி இருக்கட்டும்:

“எண் 7. சால்கோபைரைட். பித்தளை மஞ்சள், இரண்டு இடத்தில் ஊதா படர்ந்திருக்கிறது. உலோகப் பளபளப்பு. படிக முகங்கள் இல்லை. வெள்ளைக் குவார்ட்ஸுக்குள் 1 செ.மீ. அகல நரம்பு. தூள் பச்சை கலந்த கறுப்பு. கத்தி கீறுகிறது. கேத்ரி.”

“அழகான மஞ்சள் கல்” என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு எதுவுமே தெரியாது.

கடைசியாகப் பாதுகாப்பு. நம் ஊர் உப்புக் காற்று தனிச் செம்பை (இயற்கையில் உலோகமாகவே கிடைப்பதை) அரித்து, வெளிர் பச்சைப் பொடியாக உதிர வைக்கும். அதனால் மூடி இறுகும் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். உப்பேறிய போர் தண்ணீரில் கழுவாதீர்கள், பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் போதும். செம்புக் குடத்துக்குச் செய்வதுபோல் புளி போட்டும் தேய்த்துவிடாதீர்கள். மாலகைட்டும் அசுரைட்டும் கார்பனேட்டுகள், புளியின் அமிலத்தில் மேல்பரப்பு கரைந்து மெருகு போய்விடும்.