நேப்பியர் புல்: உயரத்தைப் பார்க்காதீர்கள், நாட்களை எண்ணுங்கள்

நேப்பியர் போட்ட முதல் வருஷம், புல் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் வெட்டிப் போட்டால், மாடுகள் இரண்டும் தோகையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளிவிட்டன. ஒருநாள் மிச்சத்தைக் கூட்டியள்ளி எடை போட்டேன். போட்டது 50 கிலோ. தொட்டியில் கிடந்தது 16 கிலோ. ஒரு தண்டை எடுத்துக் கிள்ளினேன், நகம் இறங்கவே இல்லை. உரமும் தண்ணீரும் கொடுத்து நான் விறகு வளர்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் புதிதாகப் போடுகிறவர்களுக்கு முதலில் வெட்டும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நட்ட 75 முதல் 80 நாளில் முதல் வெட்டு. அப்புறம் 45 நாளுக்கு ஒரு முறை. தண்ணீர் குறைந்து வளர்ச்சி மந்தமாக இருந்தால் சில நாள் தள்ளலாம், ஆனால் தண்டு முற்ற விடக்கூடாது. தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடுத்த துளிருக்கான மொட்டும் சேமிப்பும் அந்தக் கட்டையில்தான் இருக்கின்றன. ஒட்ட வெட்டினால் தூர் சாகும். உயரமாக விட்டால் மேல் கணுவிலிருந்து நோஞ்சான் கிளைகள்தான் வரும். அரிவாள் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய அரிவாள் கட்டையைப் பிளந்துவிடும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். நான் தோட்டத்தை ஒன்பது பட்டையாகப் பிரித்திருக்கிறேன். ஐந்து நாளுக்கு ஒரு பட்டை. ஒன்பதாவது முடியும்போது முதல் பட்டைக்கு 45 நாள் ஆகியிருக்கும். தினமும் இளம் புல் கிடைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, நடவுக்கு வருவோம். யானைப்புல் என்று சொல்லும் இந்த நேப்பியர் ஆப்பிரிக்கப் புல். இதைக் கம்போடு சேர்த்து எடுத்ததுதான் கம்பு நேப்பியர் ஒட்டு. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, ஒட்டுக்கு 21. இப்படி ஏழேழாக மூன்று தொகுதியாக அமைந்துவிடுவதால் ஒட்டில் விதை பிடிக்காது. ஒட்டுப்புல்லில் அறுத்த விதை என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கரணைதான், அதாவது தண்டுத் துண்டுதான் நட வேண்டும்.

மூன்று மாதம் தாண்டிய தண்டின் அடி, நடுப் பகுதிகளை எடுத்து, மூன்று கணு இருக்கும்படி துண்டாக்குங்கள். குட்டையாகி மஞ்சளடித்த தூரில் கரணை எடுக்கவே கூடாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நேப்பியரைக் குட்டையாக்கும் பைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்) நோய் கரணை வழியாகத்தான் தோட்டம் தோட்டமாகப் போகிறது, தத்துப்பூச்சியும் பரப்புகிறது. அப்படிப்பட்ட தூரைத் தோண்டி எரித்துவிடுவது நல்லது.

தொழு உரம் போட்டு உழுது, 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, பாரின் பக்கத்தில் 50 செ.மீ.க்கு ஒரு கரணையைச் சாய்வாக ஊன்றுங்கள். மொட்டு மேல்நோக்கி இருக்கட்டும். இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே. 100 சதுர மீட்டருக்குச் சுமார் 330 கரணை பிடிக்கும். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். முதல் மாதம் களை எடுத்துவிட்டால் அப்புறம் புல்லே களையை அமுக்கிவிடும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம், வேர் அழுகும்.

ஒவ்வொரு வெட்டும் மண்ணிலிருந்து தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. மாட்டுக் கொட்டகையின் சாணமும் கழிவுநீரும் திரும்ப அங்கேயே போக வேண்டும். வெட்டியதும் கொஞ்சம் தழைச்சத்து உரம் போட்டு, உடனே தண்ணீர் விடுகிறேன்.

போடும்போது 2, 3 செ.மீ. அளவில் நறுக்கிப் போடுங்கள், தண்டும் சேர்ந்து உள்ளே போகும். இந்தப் புல்லை மட்டும் நம்பவும் முடியாது. புரதம் 8 முதல் 10 சதவீதம்தான். இதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். கறவை மாட்டுக்கு அது பெரிய இழப்பு. அதனால் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனமான வேலிமசாலோ தட்டைப்பயற்றுக் கொடியோ கலக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். வறட்சியில் வாடிய புல், அப்புறம் மழை பெய்து திடீரென்று தழைத்தால், அதிலும் யூரியா போட்டிருந்தால், அடித்தண்டில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். பசியோடு நிற்கும் மாட்டுக்கு அதை அள்ளிப் போட்டால் மூச்சு வாங்கும், ஈறு பழுப்பாகும், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். மழைக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாள் பொறுங்கள். முதலில் வைக்கோல் கொடுத்து, அப்புறம் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அறிகுறி தெரிந்தால் புல்லை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இப்போதும் காலையில் தொட்டியைக் கழுவும் முன் மிச்சத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். தண்டுத் துண்டு நிறையக் கிடந்தால், அடுத்த பட்டையை இரண்டு நாள் முன்னதாகவே வெட்டிவிடுகிறேன்.